தேசத்தின் உயிர்நாடியும் வேங்கைவயல் தொட்டியும்

மின்சாரம், தொலைபேசி, வங்கி, இரயில், அணைக்கட்டு, ஆஸ்பத்திரி. இவற்றில் ஒன்று நின்றுபோனாலும் தேசம் மூச்சுத் திணறிப்போகும் என்கிறார்கள். ஆகவே இவற்றைக் குற்றவாளிகளிடமிருந்து காப்பாற்றுவது அரசின் தலையாய கடமை என்கிறார்கள். யாரும் மறுக்கப்போவதில்லை. பத்திரிகைகள் இவற்றை ‘முக்கிய உட்கட்டமைப்பு’ என்று எழுதுகின்றன. வழவழவென்று இருக்கிற சொல். எது நின்றால் உயிர் நின்றுவிடுமோ அது என்பதுதானே பொருள்? நான் ‘உயிர்நாடி’ என்றே எழுதுகிறேன். நாடி என்று சொன்னவுடனே இன்னொரு கேள்வி முளைத்துவிடுகிறது. யாருடைய கையைப் பிடித்துப் பார்த்து இது நாடி என்று முடிவு செய்தார்கள்?

சட்டத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2008இல் திருத்தப்பட்டபோது, ஒரு வரையறையைச் சேர்த்துக்கொண்டது. எந்தக் கணினி அமைப்பு முடங்கினால் அல்லது அழிந்தால் தேசப் பாதுகாப்போ, பொருளாதாரமோ, பொதுச் சுகாதாரமோ, மக்கள் பாதுகாப்போ நொடித்துப்போகுமோ அது முக்கியக் கட்டமைப்பு. இதைக் காப்பதற்கென்றே 2014இல் ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது. அதில் ‘பொதுச் சுகாதாரம்’ என்ற சொல் கிடப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. யாரோ வெளியிலிருந்து புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் என்று பிறகு அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதுவது முதல் இரத்தப் பரிசோதனை முடிவு கொடுப்பது வரை எல்லாம் கையால் நடந்தது. தில்லி போலீஸ் இரண்டே நாளில் மிரட்டிப் பணம் பறித்தல், இணையப் பயங்கரவாதம் ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தது. மத்திய அமைப்புகள் வரிசையாக வந்து இறங்கின. கடைசியில் பாதிக்கப்படாத ஒரு மாற்றுச் சர்வரிலிருந்து தகவல்களை மீட்டுவிட்டதாக அரசு சொன்னது. நல்லது.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, 2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும். தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டி. சுமார் முப்பது தலித் குடும்பங்கள் குடிக்கிற தண்ணீர். உள்ளே மனித மலம் மிதந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. எய்ம்ஸ் எங்கே, ஒரு குக்கிராமத்துத் தொட்டி எங்கே என்கிறார்கள். எய்ம்ஸை நான் சின்னதாக்கவில்லை. பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ராத்திரி ரயிலேறி வந்து அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் படுத்துக்கிடப்பவன் யார்? நம்மாளுதான். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வக்கில்லாதவன்தான் அந்த வரிசையில் நிற்கிறான். சர்வர் செத்தால் முதலில் சாகிறவனும் அவன்தான். அதைப் பூட்டியவன் செய்தது கொடுங்குற்றம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள், எவ்வளவு பணம் நஷ்டம், தேசத்துக்கு எவ்வளவு தலைகுனிவு என்று எண்ணிப் பார்த்து ‘முக்கியம்’ என்று முத்திரை குத்துவது ஒரு வகை. அந்தக் கணக்கில் முப்பது குடும்பம் எப்போதும் கழிவாகிப்போகும். இன்னொரு அளவுகோல் இருக்கிறது. இது போனால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பது. எய்ம்ஸுக்கு மாற்றுச் சர்வர் இருந்தது. வேங்கைவயல்காரர்களுக்கு மாற்றுத் தொட்டி எங்கே? பக்கத்துத் தெருக் குழாயில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று நகரத்தில் இருப்பவர் சொல்லலாம். கிராமத்தில் பக்கத்துத் தெரு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கும் நம் தெருவுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அடியில் அளக்க முடியாது. ஆக, மாற்று வழியே இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே வழிதான் உயிர்நாடி. இப்படி அளந்தால் வரிசை தலைகீழாகிவிடும். பெரிய பெரிய கட்டடங்கள் கீழே இறங்கும், சேரித் தொட்டி மேலே வரும்.

(‘சேரி’ என்றே எழுதுகிறேன். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். சொல் போகட்டும், வால்வு சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.)

தண்டனைகளை எடுத்துப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் பத்து ஆண்டு வரை சிறை. இணையப் பயங்கரவாதம் என்றால் ஆயுள் தண்டனை வரை. பொது நீர்நிலையை அசுத்தப்படுத்தினால்? வேங்கைவயல் நடந்த நாளில் செல்லுபடியாக இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 277ஆம் பிரிவில் மூன்று மாதம் சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம். வெள்ளைக்காரன் 1860இல் போட்ட ஐந்நூறு ரூபாய், 2022 வரை ஐந்நூறு ரூபாயாகவே இருந்தது. அபராதத்தை ஏற்ற வேண்டும் என்று நூற்று அறுபது வருடம் யாருக்கும் தோன்றவில்லை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும்தான் தலித்துகள் புழங்கும் நீரைக் கெடுப்பதைத் தனிக் குற்றமாக்கி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை என்று வைத்தது. வேங்கைவயல் வழக்கில் அந்தச் சட்டத்தையும் வேறு பிரிவுகளையும் சேர்த்துத்தான் போட்டார்கள். ஆனால் தேசம் எதை எவ்வளவாக மதிக்கிறது என்பது அந்த ஐந்நூறு ரூபாயில் இருக்கிறது.

நீரைக் குற்றவாளியிடமிருந்து காப்பாற்றுவது என்பது நம் நாட்டில் புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. மிகப் பழையது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தினார். பின்னாலேயே ஆயிரக்கணக்கான மக்கள் அருந்தினார்கள். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? கூட்டத்தைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு நூற்றெட்டுக் குடம் பஞ்சகவ்யம் ஊற்றி மந்திரம் சொல்லிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். இதைச் சடங்கு, மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோய்விடுகிறோம். பாதுகாப்பு நிபுணர் பார்வையில் பாருங்கள்: ஊரின் உயிர்நாடி ஒன்றின் மீது தாக்குதல் நடந்துவிட்டது, தாக்கியவர்கள் நாம், தாக்கிய ஆயுதம் நம் கை. மாட்டு மூத்திரம் அவர்களுடைய மீட்பு நடவடிக்கை. அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதி செய்ய 1937 வரை ஆனது. நம் விரல் பட்டால் நீர் கெட்டுப்போகும், அவர்கள் மலம் பட்டால் அது ஒரு சில்லறை வழக்கு. தண்ணீரின் இரசாயனம் சாதிக்குச் சாதி மாறுகிற நாடு இது.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்ததை இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு புகுந்து டிராக்டர், மோட்டார், டி.வி., தையல் மிஷின், படிப்புச் சான்றிதழ் என்று தேடித்தேடி உடைத்ததையும் கிழித்ததையும் போலவே, குடிநீர்க் கிணற்றைக் கெடுத்ததையும் அந்த மக்கள் சாட்சியாகச் சொன்னார்கள். வளர்ந்துவிட்ட ஒரு தலித் ஊரை எங்கே அடித்தால் விழும் என்று அடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உயிர்நாடி எது என்பதை நம்மைவிடத் துல்லியமாக எதிரி அறிவான்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். நான் பத்தாவது படித்தபோது, பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று எங்கள் இளைஞர்கள் கேட்டார்கள். அன்று ராத்திரியே டிரான்ஸ்பார்மரில் எங்கள் பக்கத்துப் பீஸ் கட்டையைப் பிடுங்கிப்போட்டுவிட்டார்கள். ஊர்த்தெருவில் விளக்கு எரிகிறது, எங்களுக்கு இருட்டு. மறுநாள்தான் கரண்டின் முழு அருமையும் தெரிந்தது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தொட்டி ஏறாது. தொட்டி ஏறாவிட்டால் குழாயில் காற்றுதான். ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து எல்லாம் விழும் என்று நிபுணர்கள் இன்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் அதை வயிற்றால் படித்தோம். மூணு நாள். எங்கம்மா ரெண்டு கிலோமீட்டர் நடந்து, அடுத்த ஊர்ச் சேரியிலிருந்து தண்ணி கொண்டுவந்தாங்க. எனக்குப் பரீட்சை. சிம்னி விளக்கில் படித்தேன்.

என் சித்தப்பா கரண்டு ஆபீசுக்குப் போனார். லைன்மேன் நல்ல மனுஷன்தான். “ஏம்பா, நான் வந்து மாட்டிட்டுப் போனாலும் மறுபடி புடுங்குவானுங்க. ஊர்க்காரங்ககிட்ட பேசித் தீத்துக்கங்க, அப்புறம் வரேன்” என்றார். அரசாங்கத்தின் டிரான்ஸ்பார்மர். அரசாங்கத்தின் கம்பி. அதிலிருந்து பீஸைப் பிடுங்குவது பொதுச் சொத்துக்கு எதிரான குற்றம். ஆனால் எங்கள் தெருவை நோக்கித் திரும்புகிற இடத்தில் அந்தக் கம்பி பொதுச் சொத்தாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து அது ஊர்க்காரன் தயவு. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது முழுக்க அந்தத் திருப்பத்தில் இருக்கிறது.

அடுத்து, குற்றவாளி யார்? பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தாலே ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். அவன் முகம் முன்கூட்டியே எழுதி வைத்ததாக இருக்கிறது. குறவர்கள் மாடுகளில் பொதி ஏற்றி உப்பும் தானியமும் கொண்டுபோய் விற்ற வியாபாரிகள். இரயில் வந்தது, அவர்கள் வியாபாரம் செத்தது. வெள்ளை அரசின் உப்புக் கொள்கை மிச்சத்தையும் விழுங்கியது. பிழைப்பு போன அந்த மக்களைத்தான் பிறகு குற்றப் பரம்பரை என்று எழுதினார்கள். 1871இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை எடுத்தார்கள், ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள், முகாம்களில் அடைத்தார்கள். தேசத்தின் கட்டமைப்பு எவன் வாழ்க்கை மேல் ஏறிப்போனதோ, அவனே அந்தக் கட்டமைப்புக்கு ஆபத்து என்று பட்டியலிடப்பட்டான். சட்டம் 1952இல் நாடு முழுக்க ஒழிந்தது. ஏதாவது களவு போனால் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறார்கள் என்று பாருங்கள், ஒழிந்ததா என்று தெரியும்.

கூடங்குளத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 2011இலும் 2012இலும் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரைக் கடற்கரையில் உட்கார்ந்த மீனவப் பெண்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம், அரசின் மீது போர் தொடுத்தல் என்றெல்லாம் வழக்கு. 2019இல் அதே அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்துவிட்டது. முதலில் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். மறுநாள் அக்டோபர் 30 அன்று அணுமின் கழகமே ஆமாம் என்றது. அது நிர்வாகப் பிரிவுக் கணினிதான், உலையைத் தொடவில்லை என்றும் விளக்கம் கொடுத்தது. இருக்கட்டும். உள்ளே புகுந்தவன் இடிந்தகரையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

வேங்கைவயலுக்கு வருவோம். மலம் கண்டெடுத்த மறுநாளே கலெக்டரும் எஸ்.பி.யும் போனார்கள். விசாரிக்கப்போன இடத்தில் இரட்டைக் குவளையும் தலித்துகள் நுழைய முடியாத ஐயனார் கோயிலும் வெளியே வந்தன. கலெக்டர் மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார். அது நல்ல காரியம். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மார்ச்சில் உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் அமைத்தது. டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கேட்டார்கள், பாதிக்கப்பட்ட தெருக்காரர்களிடமும் கேட்டார்கள். இரண்டு வருடம் கழித்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. மூன்று பேர். மூவரும் அந்த மலத்தண்ணீரைக் குடித்த அதே தெருவைச் சேர்ந்த தலித்துகள். ஊர் மக்கள் ஏற்கவில்லை. இயக்கங்கள் சி.பி.ஐ. விசாரணை கேட்டன.

அந்த மூவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பெழுத நான் நீதிபதி இல்லை. நான் கேட்பது வேறு. தன் பிள்ளை குடிக்கிற தண்ணீரில் மலத்தைப் போடுவான் என்று ஒரு சமூகத்தைப் பற்றி எளிதாக நம்ப முடிகிறதே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரனே கொளுத்திக்கொண்டான், நஷ்டஈட்டுக்காகத் தானே உடைத்துக்கொண்டான் என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் டீக்கடையில் கேட்கிறோம். பொதுப்புத்தியில் ஏற்கனவே ஒரு குற்றப்பத்திரிகை தயாராக இருக்கிறது. போலீஸ் பெயரை மட்டும் நிரப்ப வேண்டியதாகிவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது பாதுகாக்கிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நகரத்தின் சாக்கடை ஒரு நாள் நின்றால் என்ன ஆகும்? 1947இன் தொழில் தகராறு சட்டம் துப்புரவையும் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று, மின்சாரத்தோடும் குடிநீரோடும் சேர்த்து வைத்திருந்தது. எதற்கு? நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பதற்கு. 1984இன் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டத்திலும் கழிவுநீர் அமைப்புக்குத் தனி இடம் உண்டு. அதைச் சேதப்படுத்தினால் ஐந்தாண்டு வரை. குழியிடமிருந்து மனிதனைக் காக்கிற சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று வந்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் முப்பது லட்சம் என்றது. தொகை ஏறுகிறது, இன்னமும் இறங்குகிறார்கள். வேலையை நிறுத்தும்போது மட்டும் அவன் தேசத்தின் உயிர்நாடி. மூச்சு முட்டிச் செத்தால் ‘விஷவாயு தாக்கியது’. தாக்கியது வாயு என்பதால் குற்றவாளியே இல்லை.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அப்ப நம்ம தொட்டியையும் பாதுகாக்கப்பட்ட இடம்னு அறிவிக்கச் சொல்லிக் கேக்கலாமாக்கா?” பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த தோழர் உடனே, “வேணாம்மா. போலீஸ் வந்து தொட்டியடியில ஒக்காந்தா மொதல்ல புடிச்சி விசாரிக்கறது நம்ம பசங்களத்தான்” என்றார். அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. எங்க ஊரில் தொட்டிக்கு மூடியே இல்லை என்றாள்.

இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. பாதுகாப்பு என்று நாம் கேட்டால், கேமராவும் காவலரும் வருவார்கள், அவர்கள் கண் எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரலாறு. கேட்காமலே இருந்தால், மூடியில்லாத தொட்டி. ஒதுங்கி நிற்பது தூய்மையான நிலைப்பாடாகத் தெரியலாம், ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது. என் கட்சி கேட்க வேண்டும் என்பதுதான். ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்க வேண்டாம். ஏற்கனவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளை எடுத்து மூன்றாம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடந்த, நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். தலித் அல்லாதார் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் தலித்துகளுக்கு உரிமம் கொடுக்கவும் இடமிருக்கிறது. நிபுணர்கள் ‘அச்சுறுத்தல் மதிப்பீடு’ என்று சொல்வது இதைத்தான். இங்கே அச்சுறுத்தல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைச் சட்டமே சரியாகச் சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயரோடு தொட்டி, வால்வு, டிரான்ஸ்பார்மர், சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பத்து ரூபாய்தான். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை மேல்நிலைத் தொட்டிகள் தலித் தெருக்களுக்கு மட்டும் தண்ணீர் தருகின்றன? எத்தனைக்கு மூடியும் பூட்டும் உண்டு? சாவி யாரிடம்? வால்வு எந்தத் தெருவில் இருக்கிறது? டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருக்காரர்? கடைசியாக எப்போது தண்ணீரைச் சோதித்தார்கள்? பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குப் போங்கள். கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழு கூட வேண்டும் என்பது பதினேழாம் விதி. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.